முறையாக அழைக்கப்படாதவர்

நம் புதுக்கோட்டைச் சீமையில் ஓர் இனம் உண்டு. அதைத் தேடி நீங்கள் எங்கும் அலையவேண்டாம். கையில் ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால் போதும், தானாக வந்து அகப்படும். அதன் பெயர் முறையாக அழைக்கப்படாதவர். எல்லா விசேஷத்துக்கும் அவருக்குப் பத்திரிகை வரும். ஆனால் ஒன்றுகூட முறையாக வராது. தபாலில் அனுப்பினால், "ஏன், எங்க வீட்டுக்கு வழி தெரியாதா?" நேரில் போனால், "ஒத்தையிலயா வந்தீங்க?" கணவனும் மனைவியுமாகப் போனால், "போற வழியில எங்களையும் முடிச்சிட்டுப் போறீகளாக்கும்." சரி, இருவருமாக, அவர் வீட்டுக்கென்றே, நல்ல நேரம் பார்த்துப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். மனிதர் பத்திரிகையைப் பிரிப்பார். மணமக்கள் பெயரைப் பார்ப்பாரா? தேதியைப் பார்ப்பாரா? விரல் நேராக உறவினர் பட்டியலுக்குப் போகும். நாம் எத்தனையாவது, நமக்கு மேலே இருப்பவன் யார், நம் பட்டத்தைப் போட்டார்களா விட்டார்களா என்று ஆராய்ந்து முடித்து, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஒரே ஒரு சொல் சொல்வார்.

"பாப்போம்."

அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வந்த வீட்டில் கல்யாணக் களை போய்விடும்.

இந்த இனத்தில் படிக்காதவர்கள் பரவாயில்லை. கோபித்துக்கொண்டால் கோபம் என்று ஒப்புக்கொள்வார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சமாதானமாகி, பந்தி பரிமாற முதல் ஆளாக வந்து நிற்பார்கள். படித்தவருக்கோ கோபமே வராது. அவருக்கு வருவது மானம். அதுவும் சும்மா வராது, இரண்டாயிரம் வருஷத்துப் பழம்பாட்டிலிருந்து ஆதாரத்தோடு வரும்.

இலுப்பூர் அறிவுச்செல்வன் அய்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். டியூஷன் சென்டர் மாடியில் மாதம் ஒருமுறை கூடும் இலக்கிய வட்டத்துக்கு நிரந்தரத் தலைவர். அவர் பேச்சை நீங்கள் கேட்கவேண்டும்! முதுகில் புண்பட்ட வெட்கத்தில் வடக்குப் பார்த்து உட்கார்ந்து, பட்டினி கிடந்தே உயிரை விட்ட மன்னர்களைப் பற்றி அவர் பேசும்போது மைக் நடுங்கும். காதலித்த பாவத்துக்காக ஊர் வாயில் விழுந்த பழம்பாட்டுப் பெண்களைப் பற்றிப் பேசும்போது அவரே நடுங்குவார். "அலர் என்றார்கள் அதை! ஊர்ப்பேச்சு! தெருவில் நின்று பேசிப் பேசியே ஒரு பெண்ணை வாடவைத்த கொடுமை!" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். பதினாறு பேர் கைதட்டுவார்கள். வட்டத்தில் மொத்தமே பதினாறு பேர்தான்.

அய்யாவுக்கு ஒரு தங்கை, பிரகதாம்பாள். ஆவுடையார்கோவிலில் உரக்கடை வைத்திருக்கும் முத்துராமனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவர்களுக்கு ஒரே மகள். அவளுக்கு இலக்கியா என்று பெயர் வைத்தது அய்யாதான். போன ஆவணியில் இலக்கியாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவர வேண்டும். அதற்கு இந்த உலகத்தில் அவளுக்கு இருப்பது ஒரே மாமன்.

நடந்த குற்றம் இதுதான். பத்திரிகை அச்சாகி வந்த சந்தோஷத்தில் இலக்கியா அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். மறுநாளே முத்துராமன் தட்டும் பழமுமாக இலுப்பூருக்கு ஓடிவந்தார்.

"மாப்ள, பத்திரிகை நேத்தே போன்ல வந்திருச்சே."

"புள்ள ஆசையில போட்டிருச்சுங்க மச்சான். மொதப் பத்திரிகை சாமிக்கு, ரெண்டாவது ஒங்களுக்குத்தான்."

"தங்கச்சி வரலையோ?"

"வீட்டுல சமையக்காரர் வந்திருக்காரு, அதான்..."

"பாப்போம்."

விஷயம் பிரகதாம்பாளுக்குப் போனது. அவள் பதறிப்போய் அடுத்த பஸ்ஸில் தனியாக ஒரு தட்டோடு வந்து நின்றாள். "அண்ணே, தப்புன்னா என்னையத் திட்டுங்க" என்று அழுதாள். அய்யா அமைதியாகக் கேட்டார். "இப்ப மாப்ள வரலையேம்மா?"

அதற்குப் பிறகு அய்யா சும்மா இருந்திருக்கலாம். இருந்தாரா? மருந்துக்கடையில் சொன்னார், சலூனில் சொன்னார், பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஒருவரிடமும் சொன்னார். "கூப்பிடவே இல்லைங்க. போன்ல ஒரு படம் அனுப்பிட்டாக. நம்ம மரியாதை அம்புட்டுத்தான்." சொல்லச் சொல்ல அது இலுப்பூரை விட்டுக் கிளம்பி, புதுக்கோட்டையில் பஸ் மாறி, அறந்தாங்கியில் இறங்கி மாப்பிள்ளை வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்தபோது அதன் உருவம் மாறியிருந்தது. சொந்தத் தாய்மாமனே வரமாட்டேன் என்கிறாராம், பெண்ணிடம் என்ன குறையோ?

இலக்கியா போன் செய்தாள். "மாமா, நீங்க வரலைன்னா அங்கிட்டு என்னையத்தான் பேசுவாக. அவுங்க அம்மா ரெண்டு தடவ கேட்டுட்டாக. நான் என்ன சொல்றது?"

"அத ஒங்கப்பா மொதல்லயே யோசிச்சிருக்கணும்மா."

கவனித்தீர்களா? என்றோ செத்துப்போன பெண்ணின் மேல் ஊர் பழி சொன்னதற்குக் கண்ணாடியைத் துடைத்தவர், உயிரோடு இருக்கும் பெண்ணுக்கு அதே பழியைத் தானே தயாரித்து ஊர் ஊராக அனுப்பி வைத்துவிட்டு, கண்ணாடியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். எனக்கு எரிச்சல் வந்தது இந்த இடத்தில்தான்.

கல்யாணத்துக்கு அவர் போகவில்லை என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனம் போகாமல் இருக்காது. மண்டபத்துக்கு நூறடி தள்ளி நிற்கும். அதுதான் அதன் சுபாவம். விடிந்ததும் பட்டு வேட்டி கட்டி, புதுக்கோட்டையில் சொல்லிவைத்து வாங்கிய ரோஜா மாலையைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு, மனைவி வனிதாவோடு கார் வைத்து ஆவுடையார்கோவில் போய், மண்டபத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் இங்கிட்டு இருக்கேன்னு போய்ச் சொல்லு. ரெண்டு பேருமா வந்து கூப்புடட்டும்."

"முகூர்த்த நேரத்துல பொண்ணப் பெத்தவுக டீக்கடைக்கு வருவாகளா? மாலையக் குடுங்க" என்றார் வனிதா.

"மாலை எங்கிட்டதான் இருக்கும்."

வனிதா அவரை ஒரு பார்வை பார்த்தார். "சரி, நீங்க மானத்தோட இருங்க. நான் புள்ளயப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். அவர் போனது மண்டபத்துக்கு இல்லை, கோயில் வாசல் பூக்கடைக்கு. அதை அய்யா கவனிக்கவில்லை.

பழைய மன்னன் வடக்கு நோக்கி இருந்தான். அய்யா மண்டப வாசலை நோக்கி இருந்தார். மன்னன் பட்டினி, அய்யாவுக்கு இரண்டு மெதுவடை, ஒரு காபி. "பொண்ணோட தாய்மாமன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்" என்று மைக் ஒரு தரம் கூப்பிட்டது. அய்யா துண்டைச் சரிசெய்துகொண்டார். எழுந்திருக்கவில்லை. மைக்கில் கூப்பிடுவது ஒரு முறையா? இன்னொரு தரம் கூப்பிடும் என்று காத்திருந்தார். கூப்பிடவில்லை. நாதஸ்வரம் வாசித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கெட்டிமேளம் கொட்டி ஓய்ந்தது.

வாசலில் வெற்றிலை போட வந்த ஆவுடையப்பன், முத்துராமனுடைய பக்கத்துக் கடைக்காரர், இவரைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யா, நீங்க மாலை போட்டு புள்ளயக் கூட்டியாந்ததப் பாத்தேன். கண்ணு கலங்கிருச்சுய்யா!"

பந்தியில் உட்கார்ந்திருந்துவிட்டு, மேடையைப் பார்க்காமலே சொன்ன உபசாரம் அது. ஒரு மாதமாக ஊரெல்லாம் சொல்லி வளர்த்த கோபத்தை ஊர் கவனிக்கவே இல்லை. நான் வரவில்லை என்று சொல்வதா? சொன்னால் மானமா, சொல்லாவிட்டால் மானமா?

"ஆமா. நம்ம புள்ளைல்ல!"

சொன்ன கையோடு பெட்டியை டீக்கடை பெஞ்சிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். மேடையில் மணமக்கள் வனிதாவின் காலில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். இலக்கியாவின் கழுத்தில் கோயில் வாசல் சம்பங்கி மாலை. அதைப் போட்டு அவள் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துவந்தது வனிதா. அய்யா அருகில் போய்த் தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளை மரியாதையாகச் சிரித்து, "இவங்க யாரு?" என்று இலக்கியாவிடம் கேட்டான்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அய்யா பிழைத்திருப்பார்.

"எங்க வனிதா அத்தையோட வீட்டுக்காரருங்க" என்றாள்.

கதை அவ்வளவுதான். இப்போது ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். இதைப் படிக்கும்போது, 'இருந்தாலும் தங்கையும் அவள் கணவரும் ஒருதரம் ஜோடியாகவே வந்து அழைத்திருக்கலாம்' என்று உங்கள் மனத்தின் மூலையில் லேசாக ஒரு நினைப்பு வந்ததா, இல்லையா? வந்திருந்தால், வீட்டில் உங்களோடு இருப்பவரிடம் இன்றிலிருந்தே கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். நாளைக்கு அவர் பெயரைச் சொல்லித்தான் உங்களை யாரென்று சொல்லவேண்டி வரும்.