முப்பத்தெட்டு வீரர்களின் சுயஅறிமுகம்

இந்திய எல்லையின் பாதுகாப்பு, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பரோட்டாக் கடையின் மாடியில்தான் உறுதி செய்யப்படுகிறது என்பது வெளியே அதிகம் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் உதயசூரியன். ராணுவத்துக்குத் தேர்வாகிப் புறப்படக் காத்திருந்த முப்பத்தெட்டு பேருக்குப் பத்தே நாளில் ஆங்கிலம் புகட்டிய ‘மாஸ்டர்’ அவர்தான்.

முறை எளிமையானது. இலக்கணம் எதிரிக்குச் சாதகமாகிவிடும் என்று அதை ஒதுக்கிவிட்டார். தன்னைப் பற்றித் தானே எழுதிய சுயஅறிமுகம் ஒரு பக்கம். அதை அப்படியே மனப்பாடம் செய்தால் போதும். அப்பா பெயரை அவரவர் மாற்றிக்கொள்ளச் சொல்ல மறந்தது சிறு ‘நிர்வாகக் குறைபாடு’.

பத்தாம் நாள் வடநாட்டு மேஜர் ஒருவர் ஆய்வுக்கு வந்தார். அவர் தலையசைத்தால் அடுத்த வருடமும் பயிற்சி உதயசூரியனுக்கே. இல்லாவிட்டால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான்.

ஒவ்வொருவராக எழுந்து, “மை ஃபாதர் நேம் இஸ் அடைக்கலம்” என்று முழங்கினார்கள். அடைக்கலம், உதயசூரியனின் அப்பா.

“ஆல் பிரதர்ஸ்?” என்றார் மேஜர்.

“யெஸ் சார். யூனிட்டி சார்.”

மேஜர் நெகிழ்ந்து குறித்துக்கொண்டார். தன் சமயோசிதத்தை நினைத்து மாஸ்டருக்கே மெய்சிலிர்த்தது.

“எனி ப்ராப்ளம்?” என்று மேஜர் கேட்டார். அந்தக் கேள்வி மனப்பாடப் பக்கத்தில் இல்லை.

ஆனாலும் கடைசி பெஞ்சிலிருந்து ராக்கன் எழுந்தான். இரண்டு முறை வாயைத் திறந்தான். இரண்டு முறையும் அடைக்கலம்தான் வந்தார். கடைசியில் மாஸ்டரைப் பார்த்துச் சொன்னான்:

“சார், திங்கக்கெழம கெளம்பச் சொல்றாங்க. வியாழக்கெழம ஆத்தாவுக்கு வயித்துல ஆபரேசன். பாத்துக்க என்னைய விட்டா ஆளில்ல. ஒரு வாரம் கழிச்சு வாரேன்னு கேட்டுச் சொல்லுங்க சார்.”

“வாட் இஸ் ஹி சேயிங்?”

உதயசூரியன் அவசரமாகக் கணக்குப் போட்டார். பத்து நாள் படித்தவனுக்கு ஒரு வாரம் லீவு கேட்கத் தெரியவில்லை என்று வெளியே வந்தால் மானம் போகும், மாடியும் போகும்.

“மதர் வெரி ஹேப்பி சார். மண்டே டூ லேட் சார். டுமாரோ இட்செல்ஃப் ரெடி சார்!”

மேஜர் ராக்கனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பயிற்சி ‘மிகச் சிறப்பு’ என்று கையெழுத்தானது.

மேஜரின் ஜீப் கிளம்பியதும் ராக்கன் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ரொம்ப நன்றிங்க சார். ஒரு வாரம் குடுத்துட்டாராங்க?”