கேமரூன் பெரியப்பா

ஆப்பிரிக்கா அண்ணனுக்கு இருந்த அளவு சொந்தபந்தம் மதுரையில் வேறு எவருக்கும் கிடையாது. அதில் பாதிப் பேர் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதும், அவர்களுக்கு இந்த உறவே தெரியாது என்பதும் வேறு விஷயம்.

பல்கலைக்கழக நூலகத்தில் நான் பொருளாதார ஆய்வு என்று சொல்லிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். எதிரே வில்லாபுரத்துக்காரரான அவர், தன் ஆய்வுக்கான ஆப்பிரிக்க நாவல்களோடு. எழுத்தாளர்களைப் பெயர் சொல்லிப் பேசுவது மரியாதைக் குறைவு என்பது அவர் கட்சி. கேமரூன்காரர் பெரியப்பா. உகாண்டாக்காரர் சித்தப்பா. ஜாம்பியா அம்மையார் அத்தை.

"சித்தப்பா இந்த நாவல்ல எம்புட்டுப் பேரக் கொன்னுருக்காரு பாத்தியா மாப்ள? அத்தைகிட்ட இந்தச் சோலியே கிடையாது" என்பார்.

ஒருநாள் மொட்டைத் தலையோடு வந்தார்.

"என்னண்ணே?"

"கேமரூன் பெரியப்பா போயிட்டாரு மாப்ள. செய்தியில பாத்தேன்."

"அவருக்குப் பிள்ளைக இருப்பாங்கள்லண்ணே?"

"இருக்கட்டும். பங்காளி சும்மா இருக்க முடியுமா?"

அவருடைய நெறியாளர் காதுக்குப் 'பெரியப்பா' மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவர். ஆனால் துக்கம் கேட்பதில் குறை வைக்கமாட்டார். மறுநாள் காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் ரோஜா மாலை வாங்கிக்கொண்டு வில்லாபுரம் போய்விட்டார். அங்கே சொந்தப் பெரியப்பா வாசலில் நாற்காலி போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மாலை யாருக்கு சார்?" என்று அவரே கேட்டிருக்கிறார்.

நெறியாளர் மாலையோடு நேராக நூலகத்துக்கு வந்தார். அண்ணனின் ஆய்வுக்கு அந்த மாதம்தான் கடைசிக் கெடு. இவர் கையெழுத்துப் போடாவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் போச்சு.

"கையெழுத்து கிடையாது. என்னையே கேலி பண்றியா?"

அண்ணன் எழுந்து நின்றார்.

"கேலி இல்ல சார். வீட்டுல இருக்க பெரியப்பா வரப்புத் தகராறத் தவிர எங்கிட்ட எதுவும் பேசுனதில்ல. இந்தக் கேமரூன் பெரியப்பாதான் சார் இம்புட்டு வருஷமாப் பேசிக்கிட்டு இருந்தாரு. செய்தியப் பாத்ததும் அழுக வந்துருச்சு. அழுதுட்டு அடுத்து என்ன செய்யணும்னு தெரியல. எங்க வீட்டுல மொட்டைதான் போடுவாங்க."

நெறியாளர் அந்தத் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, மேசைமேல் கிடந்த கேமரூன்காரரின் நாவலை நிமிர்த்தி வைத்து, பின்னட்டைப் படத்துக்கு மாலையைச் சாத்தினார். கையெழுத்தும் போட்டார். நூலகர் மட்டும், புத்தகம் நனைகிறது என்று ஆட்சேபித்தார்.

அண்ணன் இப்போது வெளியூர்க் கல்லூரி ஒன்றில் பேராசிரியர். போன மாதம் உகாண்டா சித்தப்பா காலமான செய்தி முதலில் என் கண்ணில்தான் பட்டது. போன் செய்து சொன்னேன்.

"நீ எங்க இருக்க மாப்ள?" என்றார்.

"மாட்டுத்தாவணியிலண்ணே. சித்தப்பாவுக்கு ரோஜா மாலையே வாங்கிரவா?"

அந்தச் சித்தப்பா எழுதியதில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. அண்ணனுக்குச் சித்தப்பா என்றால் எனக்கும் சித்தப்பாதானே.