சாமி சிரித்த கைப்பிடி

"சிரிக்கிறார்."

"மறுபடியுமா?"

"நீயே வந்து பாரு. ரெண்டும் மல்லாந்து கிடக்கு. இதுக்குச் சிரிப்புன்னு பேரு வைக்காம வேற என்ன பேரு வைக்கிறது?"

முதலாளியம்மா மெய்-சூ முழங்காலில் இருந்தபடியே தரையைக் காட்டினார். சுன்-லியாங் குனிந்து பார்த்தான். உள்ளங்கை நீளத்துக்குப் பிறை வடிவத்தில் இரண்டு சிவப்புக் குறிக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. சாமியிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று புடைப்பாகவும் விழுந்தால் 'சரி'. இரண்டுமே புடைப்பு மேலே இருந்தால் 'கூடாது'. இரண்டுமே தட்டை மேலே இருந்தால், சாமி சிரிக்கிறார்.

சாமி கூடாது என்று சொல்லியிருந்தால்கூட சுன்-லியாங் தாங்கியிருப்பான். எதிர்ப்பு என்பது ஒரு மரியாதை. இது சிரிப்பு. அதுவும் போன வாரத்திலிருந்து ஏழாவது தடவை.

"முதலாளியம்மா, நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? சாமிக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"உனக்குத் தெரியுமா?"

சுன்-லியாங் வேலைக்கு வருவது ஸ்கூட்டரில். கடைசியாக சைக்கிள் ஏறியது பள்ளிக்கூட நாளில், இறங்கியது சாக்கடையில்.

தைவானின் தாஜியா ஊரில் சைக்கிள் உதிரிபாகம் செய்யாத தெருவே கிடையாது. மெய்-சூவின் பட்டறையில் செய்வது ஹேண்டில்பார் கைப்பிடி. மாமனார் காலத்திலிருந்து ஒரே வழக்கம்: நிலத்துச் சாமி தொடர்ந்து மூன்று முறை 'சரி' சொல்லாமல் எந்தப் புது மோல்டு அச்சுக்கும் இரும்பு வெட்டுவதில்லை.

சுன்-லியாங் அங்கே சேர்ந்து ஆறு வருடம். ஆறு வருடமும் அவன் வடிவமைத்தது கைப்பிடியை அல்ல. கைப்பிடியின் நுனியில் செருகுகிற மூடியை. அவன் செய்த மூடிகள் உலகம் முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தன, ஒருவரும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல். அவன் படுக்கைக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பு நாவல்கள் அடுக்கியிருந்தன. அவற்றில் வருகிறவர்கள் புயலோடு மோதினார்கள், பனிமலையைக் கடந்தார்கள். இவன் ஒரு ரப்பர் மூடி கழன்று விழாமலிருக்கப் போராடினான்.

அப்படிப்பட்டவனுக்கு முதல்முதலாக ஒரு முழுக் கைப்பிடி கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை ஹாலந்திலிருந்து மார்ட்டன் என்கிற வாடிக்கையாளர் வருகிறார். அதற்குள் சாமி சம்மதித்தால் சுன்-லியாங்கின் கைப்பிடியை அவரிடம் காட்டலாம்.

"இல்லேன்னா பழைய மாடலையே காட்டிடுவேன். நீ மூடிக்கே போயிடு. மூடி நல்லா பண்றே, சும்மா சொல்லக் கூடாது" என்றார் மெய்-சூ.

அந்தப் பாராட்டு சுன்-லியாங்கின் நெஞ்சில் ஆணிபோல இறங்கியது.

சோதித்துப் பார்க்க அவனுக்கு வாய்த்தவர் சிங் அக்கா. பட்டறை பட்டறையாக மதியச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோய்க் கொடுப்பவர். காலையிலிருந்து மூன்று மணி வரை சைக்கிளில்தான் இருப்பார். மரத்தில் செதுக்கிய மாதிரியை அவர் ஹேண்டிலில் மாட்டி அனுப்புவான். மாலையில் தீர்ப்பு வரும்.

"கட்டைவிரல் மரத்துப் போகுதுடா, ஆ-லியாங். என் புருஷன் நான் பேசுறப்ப உக்காந்திருப்பாரே, அந்த மாதிரி. இருக்கு, ஆனா உணர்ச்சி இல்ல."

கட்டைவிரலுக்கு இடம் விட்டு ஒரு பக்கத்தைச் சீவினான்.

"இப்போ மணிக்கட்டு வலிக்குது."

மணிக்கட்டுக்குத் தாங்கலாக மேல்பக்கத்தைத் தட்டையாக்கினான்.

"இப்போ விரலுக்குப் பிடிமானம் இல்ல. மேட்டுல ஏறுறப்ப வண்டி ஒரு பக்கம் போகுது, நான் ஒரு பக்கம் போறேன். இன்னைக்கு ரெண்டு மீன் டப்பா வயல்ல."

விரல்கள் சுற்றிப் பிடிக்கக் கீழ்ப்பக்கத்தைப் புடைப்பாக்கினான். புடைப்பு அதிகமாகி உள்ளங்கை நழுவியது. நழுவாமலிருக்க முழுவதையும் கொஞ்சம் வளைத்தான். வளைத்ததால் கட்டைவிரல் மறுபடியும் மரத்துப்போனது.

இதற்கு நடுவில் மெய்-சூ வந்து பார்த்தார். "கறுப்பு வேணாம். சாமிக்குப் பிடிச்ச சிவப்பை அடி. ஒருவேளை அதுக்குத்தான் சிரிக்கிறாரோ என்னமோ."

சுன்-லியாங் அதே வடிவத்தில், இன்னும் துளை போடாத ஒரு புது ஜோடியைச் செதுக்கிச் சிவப்பு அடித்தான். பிறகு ஒரு சின்ன சபலம். தட்டைப் பக்கத்தின் ஓரத்தில், மெல்லிய தூரிகையால், யாரும் கவனிக்காத அளவில் தன் பெயரை எழுதிக்கொண்டான். பெரிய ஓவியர்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

புதன்கிழமை மெய்-சூ அந்த ஜோடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே."

"நல்ல வடிவம்னா அப்படித்தாங்க தோணும். ரொம்ப நாள் பழகின மாதிரி" என்றான் சுன்-லியாங். இந்த வரியை ஒரு நாவலில் படித்திருந்தான். அங்கே அது காதலியைப் பற்றியது.

மெய்-சூ முழங்காலிட்டார். குறிக்கட்டைகளை நெற்றிக்கு நேரே உயர்த்திப் போட்டார்.

சாமி சிரித்தார்.

மோல்டுப் பகுதி ஃபோர்மேன் கச்சாவ் அந்த நேரத்தில் வழக்கம்போல வெளியே போய் நின்றுகொண்டான். கிழக்குக் கரை ஆமிஸ் பழங்குடிக்காரன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகிறவன். "உங்க சாமி விஷயத்துக்கு நான் வர்றதில்லப்பா. முடிவு என்னன்னு மட்டும் சொல்லுங்க, மெஷினைப் போடுறேன்" என்பது அவன் நிரந்தர நிலைப்பாடு.

வியாழக்கிழமை மத்தியானம் மெய்-சூ ஒரு வழி கண்டுபிடித்தார். "நம்ம வீட்டுச் சாமிக்கு உன்னைப் பார்த்துப் பார்த்து விளையாட்டாப் போச்சு. கடைத்தெரு கோயிலுக்குப் போ. அங்கே இருக்கிறவர் பெரியவர், உன்னைத் தெரியாது. மாதிரியை முன்னால வச்சுக் கேளு. மூணு 'சரி' விழுந்தா நேரா கச்சாவ் கையில கொண்டுபோய்க் குடு. நாலரைக்குள்ள வந்தாத்தான் துளை போட்டு வண்டியில மாட்ட முடியும்."

சுன்-லியாங் மாதிரிகளை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினான்.

கடைத்தெரு கோயில் ஒரு பஸ் நிறுத்தம் அளவுதான். ஆனால் ஊரில் கல்யாணம், ஆபரேஷன், வீட்டு வாடகை எதுவானாலும் அங்கே கேட்காமல் நடக்காது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஹோ மாமா ரேடியோவைக் காதில் வைத்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். சுன்-லியாங் தன் மாதிரிகளை மேசையில் விரித்த துணிமேல் வைத்தான். தட்டிலிருந்த கோயில் கட்டைகளை எடுத்தான். மூன்று பத்தி ஏற்றி, தன் பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாம் சொல்லி, "இந்தக் கைப்பிடி நல்லா இருக்குங்களா?" என்று கேட்டுப் போட்டான்.

சரி.

மறுபடி போட்டான்.

சரி.

மூன்றாவதற்குக் கட்டைகளை உயர்த்திய அந்த நொடியில், தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது.

குப்பை வண்டிப் பாட்டு கேட்டால் தாஜியாவில் எவரும் இருந்த இடத்தில் இருப்பதில்லை. தெருவில் குப்பை வைக்கக் கூடாது. வண்டி நகர்வதற்குள் அவரவர் கையால் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஹோ மாமா தூக்கத்திலிருந்து நேரடியாக ஓட்டத்துக்கு மாறினார். மேசைக்குக் கீழிருந்து இரண்டு பைகளை உருவிக்கொண்டு திரும்பியபோது சுன்-லியாங்கின் முதுகில் மோதினார். சுன்-லியாங் மேசைமேல் விழுந்தான். கையிலிருந்ததும் மேசையிலிருந்ததும் எல்லாமே தரையில் கொட்டின.

"ஏய் தம்பி, சும்மா நிக்கிறியே, இந்தப் பையைப் பிடி!" பக்கத்துக் கடைக்கார அம்மா ஒருத்தி மீன் கழிவுப் பையை அவன் கையில் திணித்தாள். "ஓடு, ஓடு, வண்டி போயிடும்!"

அவனும் ஓடினான். பையை வண்டியில் வீசிவிட்டு, சட்டையில் மீன் தண்ணீர் வடிய, திரும்பி வந்தான். மணி நாலு இருபது. தரையில் பார்த்தான். அருகருகே ஒன்று தட்டை, ஒன்று புடைப்பு.

"சரி!" என்று அலறினான். சாமி வாக்கு மாறுவதற்குள் தன்னுடையதைத் துணியில் சுற்றிக்கொண்டு, கோயிலுடையதைத் தட்டில் வைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பட்டறைக்குப் பறந்தான்.

கச்சாவ் துணியைப் பிரித்தபோது சுன்-லியாங் ஏற்கெனவே அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஆமாம்மா, மூடி இல்ல. முழுசு. முழுக் கைப்பிடி. அத்தைக்கும் சொல்லிடு. இல்லல்ல, நானே சொல்றேன்."

"நேத்து பார்த்ததை விட மழமழன்னு இருக்கேப்பா" என்றான் கச்சாவ்.

சுன்-லியாங் போனைக் கையால் பொத்திக்கொண்டான். அவன் ஒன்றும் செய்திருக்கவில்லை. ஆனாலும், "கடைசியா கொஞ்சம் உப்புத்தாள் போட்டேன்" என்றான்.

"உனக்குள்ள இப்படி ஒரு கை இருக்குன்னு இத்தனை வருஷமா தெரியாமப் போச்சே" என்றபடி கச்சாவ் டிரில்லை ஓட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை சைக்கிள் முற்றத்தில் தயாராக நின்றது. ஹேண்டிலின் இரண்டு பக்கமும் சிவப்பு பளபளத்தது. சுன்-லியாங் யாரும் பார்க்காதபோது ஒருமுறை பிடித்துப் பார்த்தான். கை தானாகப் போய் அமர்ந்தது. எங்கேயும் உறுத்தவில்லை. கட்டைவிரல் உயிரோடு இருந்தது. அவனுக்கே அவன்மேல் லேசாகப் பயம் வந்தது. திறமை என்பது இப்படித்தான் திடீரென்று வருமா? நாவல்களில் அப்படித்தான் வரும்.

மார்ட்டன் பத்து மணிக்கு வந்தார். பன்னிரண்டு வருடமாக தைவானுக்கு வந்து போனதில் கொஞ்சம் உள்ளூர்ப் பேச்சு பழகியிருந்தார். சைக்கிளில் ஏறி முற்றத்தை ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் இறங்காமலே நின்று, கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமலே பேசினார்.

"நான் முப்பது வருஷம் கிரிப்பு வாங்குறேன். இது மாதிரி நான் பிடிச்சதே இல்லை. இது கையைப் பிடிக்குது. நான் பிடிக்கலை. சரியா சொல்றேனா?"

"ரொம்பச் சரியா சொல்றீங்க" என்றார் மெய்-சூ. அவர் கண் கலங்கியிருந்தது.

"யார் பண்ணாங்க?"

மெய்-சூ சுன்-லியாங்கை முன்னால் தள்ளினார். சிங் அக்கா டப்பாக்களைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

"எத்தனை பேர் கையை அளந்தீங்க, இதுக்கு?"

அளந்தது ஒரே ஒரு கை. அந்தக் கை இப்போது தட்டிக்கொண்டிருந்தது. சுன்-லியாங் தொண்டையைச் செருமினான்.

"இந்த ஊர் ஜனம் பூராவும்" என்றான்.

"அடேங்கப்பா" என்றார் சிங் அக்கா.

"தெரியுது. பிடிச்சாலே தெரியுது" என்றார் மார்ட்டன். "எல்லா மாடலுக்கும் இதையே போடுறேன். பேர் வேணும். உங்க பேரையே அச்சில் போடுங்க. இந்த ஜோடியை நான் ஊருக்கு எடுத்துட்டுப் போறேன், எல்லாருக்கும் காட்டணும். முதல்ல கடற்கரை வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வர்றேன்." மணியை அடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

மெய்-சூ சாமி மேடைக்குப் பத்தி ஏற்றினார். கச்சாவ் முதல்முறையாக உள்ளேயே நின்றான். சுன்-லியாங் அடக்கமாகத் தெரிய வேண்டுமென்று முயன்று, ஏறக்குறைய வெற்றி பெற்றுக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கோயில் ஹோ மாமா உள்ளே வந்தார். கையில் ஒரு செய்தித்தாள் பொட்டலம்.

"வாங்க மாமா, நல்ல நேரத்துல வந்தீங்க!" என்றார் மெய்-சூ. "உங்க சாமி எங்களைக் காப்பாத்திட்டார். டீ குடிங்க. கோயிலுக்கு என்ன வேணும், கேளுங்க. இன்னைக்கு எது கேட்டாலும் இல்லேன்னு சொல்ல மாட்டேன்."

"டீயெல்லாம் அப்புறம்மா. அங்கே பதினஞ்சு பேரு வரிசையில நிக்கிறாங்க." ஹோ மாமா மூச்சு வாங்கினார். "நேத்து சாயங்காலத்திலேருந்து யாரு என்ன கேட்டாலும் சாமி சிரிக்கிறார். பொண்ணு பார்க்கப் போலாமான்னு கேட்டா சிரிக்கிறார். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாமான்னு கேட்டாலும் சிரிக்கிறார். பாவம், அந்த மனுஷன் அழுதுட்டார். எனக்குச் சந்தேகம் வந்து கட்டையைத் திருப்பிப் பார்த்தா, ஓரத்துல சின்னதா இந்தத் தம்பி பேரு."

அவர் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். உள்ளே சுன்-லியாங் செதுக்கிய சிவப்பு ஜோடி. தூரத்தில், கடற்கரைச் சாலைப் பக்கம், சைக்கிள் மணி சந்தோஷமாக ஒலித்தது.

"எங்க ஜோடி, நாற்பது வருஷமா இந்த ஊர் ஜனம் பூராவும் கையில வச்சு வச்சுத் தேய்ஞ்சது தம்பி, அதைக் கொஞ்சம் எடுத்துக் குடுத்துடேன்?"