இரணியலில் நான் செய்த ஆப்பிரிக்க ஊழியம்

ஆப்பிரிக்காவுக்குப் போவதற்கு முன்பே நான் மூன்று வாரம் ஆப்பிரிக்காவில் இருந்திருக்கிறேன். அந்த மூன்று வாரமும் தங்கியிருந்தது இரணியலில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால், சித்தி வீட்டில். நான் மறைத்தாலும் எங்கள் ஊர் புதுக்கடைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது பி.எட். முடித்து வீட்டில் சும்மா இருந்தேன். மலாவி நாட்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியார் வேண்டும், இரண்டு வருடம், சாப்பாடும் அறையும் உண்டு, சம்பளம் கிடையாது என்று செய்தி வந்தது. ஆண்டவர் என்னை அழைக்கிறார் என்று சபையில் சொன்னேன். (வேறு யாருமே அழைக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை.)

எங்களுடையது வெள்ளைக்கார மிஷனெரிகள் கப்பலேறி வந்து தொடங்கிய சபை. இத்தனை தலைமுறையாக வந்தவர்கள்தான் உண்டு, போனவர்கள் இல்லை. (கல்ஃபுக்குப் போனதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது.) ஆகவே முதல் ஆளை அனுப்புகிற குஷியில் சபை ஒரு வழியாகிவிட்டது. புதுக்கடை சந்திப்பில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் நான் கோட்டு போட்டுச் சிரிக்க, பின்னால் ஒரு சிங்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வழியனுப்பு ஆராதனையில் கழுத்து தாங்காத அளவுக்குச் சால்வை. பிறகு வீடு வீடாக முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் வந்து பெட்டி மூட முடியாமல் போனது. எல்லோரையும்விட பூரித்துப்போனவள் அம்மா. அவள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நடந்த நடையில் ஐயரே சற்று ஒதுங்கி வழிவிட்டார். (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.)

புறப்படுவதற்கு முந்தின நாள் மிஷன் ஆபீசிலிருந்து போன். விசா இன்னும் வரவில்லையாம், பத்து நாளில் வந்துவிடுமாம். நான் நிம்மதியாகச் சட்டையைக் கழற்றி மாட்டப் போனேன். அம்மா மாட்டவிடவில்லை.

"ஊரே கூடி அழுது அனுப்பியாச்சு மக்கா. நாளைக்கு நீ ரோட்டுல நின்னா, எனக்க மொகத்த நான் எங்க கொண்டு வைப்பேன்? நீ போயே ஆகணும்."

அப்படி நான் போனேன். தெருவே கையசைக்க, சித்தப்பாவின் காரில் திருவனந்தபுரம் விமான நிலையத்தை நோக்கிக் கிளம்பி, கேரள எல்லையான களியக்காவிளை வரை போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பி இரணியலுக்கு வந்து சேர்ந்தேன். என் முதல் வெளிநாட்டுப் பயணம் அதுதான்.

பத்து நாள் இழுத்துக்கொண்டே போனது. சித்தி வீட்டில் எனக்கு வேலை, ஜன்னலைச் சாத்திக்கொண்டு முந்திரிக்கொத்து தின்பது. சனிக்கிழமை தோறும் அம்மா போன் போட்டு, நாளைக்குச் சபையில் கேட்டால் என்ன சொல்ல என்பாள். நான் செல்போனில் மலாவியின் தட்பவெப்பத்தைப் பார்த்துச் சொல்வேன். மழை என்று நான் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை ஐயரின் ஜெபத்தில் அது பெருவெள்ளமாகியிருக்கும். கொசு உண்டு என்று ஒரு வாரம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். பெண்கள் சங்கம் எனக்காக உபவாசம் இருந்தது. நான் இங்கே மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்படி இருக்கையில், மிஷனெரியின் சொந்தக்காரர் வீடுகளில் முறைவைத்து ஜெபக்கூட்டம் நடத்தலாம் என்று சங்கம் முடிவெடுத்தது. முதல் வீடு சித்தி வீடு. வேண்டாம் என்று அம்மா எந்த வாயால் சொல்வாள்? திங்கட்கிழமை காலையில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக என்னை வெளியேற்றினார்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் சுற்றுலாக்காரர்களோடு கலந்து சாயங்காலம் வரை கழித்துவிடலாம் என்பது என் திட்டம். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. (அதற்குப் பக்கத்து ஊரில் வளர்ந்தவனுக்கு இது தெரியாது. சென்னைக்காரனைக் கேட்டால் சொல்லியிருப்பான்.) பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அடுக்களை வழியாக நுழைகிறேன், வாசலில் வேன் வந்து நிற்கிற சத்தம். எதிரே இருந்த கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அது குளிமுறி. (குளிக்கிற அறை.)

குளிமுறிக்கும் கூட்டம் நடக்கிற ஹாலுக்கும் நடுவே ஒரு சுவர்தான். கதவைத் தட்டினவர்களையெல்லாம் சித்தி, பைப்பு பொட்டிப்போச்சு என்று சொல்லிப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்து எனக்காக ஜெபம் தொடங்கியது. நான் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, எனக்கு வரக்கூடிய ஆபத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். காட்டுமிருகம், காய்ச்சல், கள்ளர், விஷப்பூச்சி. சிலர் தேம்பி அழுதார்கள். அப்போது ஐயருக்கு ஒரு யோசனை தோன்றியது. தம்பியை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, எல்லாரும் குரலைக் கேட்போமே என்றார்.

டவர் இருக்காது ஐயரே, அவன் பாடம் நடத்துகிற நேரம் ஐயரே என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். என் போன் சட்டைப் பையில் சத்தமில்லாமல் அதிர்ந்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும் ஓய்ந்தது. என்ன ஆச்சோ என்று ஹாலில் ஒருத்தி ஓவென்று அழ ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டிருந்த நான் உருகிப்போனேன். இவ்வளவு அன்பான ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று, துவர்த்துத் துண்டால் தலையோடு மூடிக்கொண்டு மூன்றாவது அழைப்பை எடுத்தேன். என் வாழ்க்கையில் நல்லெண்ணத்தோடு செய்த காரியங்களில் இதற்கு ஈடாக இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

ஐயர் போனைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருந்த கை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். சுகம்தான், பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், இங்கே இப்போதுதான் விடிந்திருக்கிறது என்று நான் கிசுகிசுக்க, அதே வார்த்தைகள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஊருக்கே கேட்கிற மாதிரி எனக்குத் திரும்பி வந்தன. ஹாலில் அல்லேலூயா சத்தம். அந்த நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் ரயில் நீளமாக ஊதிக்கொண்டு போனது. ஜன்னல் வழியாக ஒரு தடவை ஊதியது. மைக் வழியாக இன்னொரு தடவை ஊதியது.

ஞானதீபம் டீச்சர், எனக்கே ஐந்தாம் வகுப்பு எடுத்தவர், நிதானமாகக் கேட்டார்.

"மலாவிலயும் நாகர்கோவில் வண்டி போவுதா மக்கா?"

அப்போதாவது போனை அணைத்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இங்கயும் ரயிலு உண்டு டீச்சர்."

சொல்லி வாய் மூடவில்லை, ஸ்டேஷன் ஒலிபெருக்கி பயணிகளின் கனிவான கவனத்துக்கு என்று ஆரம்பித்து, அடுத்த வண்டி எந்த நடைமேடையில் வரும் என்பதைச் சுத்தமான தமிழில் இரண்டு பக்கமும் சொல்லி முடித்தது.

நானே தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். தலையில் துவர்த்து, கையில் போன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் அம்மாவைத்தான் பார்த்தார்கள். அம்மா என்ன செய்தாள் என்றால், கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தமாக முடிவு ஜெபம் பண்ண ஆரம்பித்தாள். ஜெபத்துக்கு நடுவே யாரும் வாய் திறக்கக்கூடாது அல்லவா? ஆமென் சொன்னால் பேச்சு கிளம்பிவிடும் என்று அவள் ஆமென் சொல்லவே இல்லை. சபைக்காக, சங்கத்துக்காக, இன்னும் வராத என் விசாவுக்காக, எல்லா மாநிலங்களுக்காக, ரயில்வே ஊழியர்களுக்காகக்கூட ஜெபித்தாள். அவள் குரல் நடுங்கிக்கொண்டே போனது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

கடைசியில் ஐயர்தான் ஆமென் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாம கேட்டது ஒண்ணும் வீணாகல்ல. சிங்கமும் கடிக்கல்ல, காய்ச்சலும் வரல்ல. இனி விசாவுக்கு ஜெபிப்போம்" என்றார். ஞானதீபம் டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்து, மலாவி உனக்கு நல்லா ஒத்துக்கிட்டு, தடிச்சுப்போய்ட்டியே என்றார். வேனில் ஏறும்வரை எல்லோரும் அடக்கி வைத்திருந்தார்கள். வேன் தெருமுனை திரும்பியதும் கிளம்பிய சிரிப்பு சித்தி வீட்டு ஹால் வரை கேட்டது. அம்மாவும் அந்த வேனில்தான் போனாள்.

அம்மா செயலாளர் பதவியை விட்டுவிட்டாள். சபைக் கோயிலில் முன்வரிசைக்காரி கடைசிப் பெஞ்சுக்குப் போனாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை, சாப்பாடு போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவாள். விசா வந்தபோது ஃபிளெக்ஸும் இல்லை, சால்வையும் இல்லை. ஆனால் கண்ணால் கண்டால்தான் நம்புவோம் என்று இரண்டு வேன் நிறையச் சபை விமான நிலையத்துக்கு வந்தது. உள்ளே போகிற வாசலில் அம்மா சொன்னது ஒன்றுதான்: போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் கூப்பிடு, நாலு பக்கமும் சுத்திக் காட்டு.

மலாவியில் என் கஷ்டங்களைக் கேட்டால் நீங்கள் அழமாட்டீர்கள், கொட்டாவி விடுவீர்கள். கரண்டு முக்கால் நாள் கிடையாது, சாக்பீஸ் கேட்டு எழுதினால் கமிட்டி கூடும், அடுத்த தவணையில் அதற்குப் பதிலாகச் சிவப்பு மை வரும். மக்காச்சோள மாவுக் களியை மூன்று வேளையும் தின்றேன். போதாக்குறைக்கு வாராவாரம் அம்மாவுக்கு அத்தாட்சி காட்ட வேண்டும். சிவந்த மண்ணைக் காட்டினேன், நம்பவில்லை. நம்ம ஊர் மண்ணும் சிவப்புதானே என்றாள். கடைசியில் தலைமையாசிரியர் பண்டாவைக் கூப்பிட்டு போனுக்கு முன்னால் நிறுத்தினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு அவர் பாஷை தெரியாது. இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். அடுத்த வாரம் அவர் என் வகுப்புப் பிள்ளைகளை மரத்தடியில் நிறுத்தி அம்மாவுக்காகப் பாட வைத்தார். அந்தப் பிள்ளைகள் நாலு குரலில் பாடினால் கேட்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்கும், சாக்பீஸ் கமிட்டியெல்லாம் மறந்துபோகும். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அம்மா போனோடு நடக்க ஆரம்பித்தாள். திரையில் வாசல், ரோடு, கோயில் படி என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசிப் பெஞ்சைத் தாண்டி, நேரே முன்வரிசைக்குப் போய், கூட்டத்துக்குக் கூடியிருந்த சங்கத்துப் பெண்களுக்கு நடுவே என் பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். நான் மரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

திரும்பி வந்து, சபையில் என் ஊழிய அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல மேடையேறினேன். மலாவி படங்களை எல்லாரும் மரியாதையாகப் பார்த்தார்கள். கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும், கேட்ட அத்தனை கேள்வியும் குளிமுறியைப் பற்றித்தான். என் இரண்டு வருட ஊழியம் அன்றைக்கே முடிந்தது.

இப்போது அந்தக் கதையைச் சொல்கிறவள் அம்மாதான். ரயில் ஊதுகிற இடத்தில் அவளே ஊதிக் காட்டுகிறாள். போன மாதம் மாற்றலாகி வந்த புது ஐயரிடம் என் தோளைப் பிடித்து முன்னே தள்ளி, "இவன் எனக்க மூத்தவன், ரெண்டு தேசத்துல மிஷனெரியா இருந்தவன்" என்றாள். எந்தெந்த தேசம் என்று ஐயர் மரியாதையோடு எழுந்து நின்று கேட்டார்.

"மலாவி, இரணியல்" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, ஐயருக்குப் புரிவதற்குள் அவளே முதலில் சிரித்தாள்.