தைலச்சாமி தேய்த்த தலை

"தலையைத் தூக்காத தாயே. அம்மன் இறங்கிக்கிட்டு இருக்கா."

பித்தளை அண்டாவின் மேல் குப்புறக் கவிழ்ந்திருந்த செண்பகவல்லிக்கு அம்மன் இறங்குவது தெரியவில்லை. வெந்நீர் இறங்குவது தெரிந்தது. காதுக்குள், மூக்குக்குள், கழுத்து வழியாகப் புதுச் சுடிதாருக்குள். பிடரியை ஒரு கை அழுத்திப் பிடித்திருந்தது. இன்னொரு கை அவள் கூந்தல் முழுவதையும் உச்சியில் குவித்து, அம்மியில் அரைப்பதுபோல வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, கழுத்து வலிக்கு. விடச் சொல்லு."

"பொறு மக்கா. ஊரே பாத்துக்கிட்டு நிக்கி" என்றாள் அம்மா சரோஜம், கூப்பிய கையை இறக்காமல்.

ஊர் பார்க்கத்தான் செய்தது. கரமனை ஆற்றங்கரையில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தில் வெள்ளிக்கிழமை என்றால் நிற்க இடம் கிடையாது. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால், "தைலச்சாமிக்கா?" என்று பக்கத்து சீட்டே கேட்கும். சாமியின் ரீல்ஸ் பார்க்காத செல்போன் திருவனந்தபுரத்தில் இல்லை. வாசலில் செருப்புக்கு ஒரு டோக்கன், தலைக்கு ஒரு டோக்கன். செருப்பு டோக்கன் இலவசம்.

சாமியின் தத்துவம் எளிமையானது. சுருண்ட முடி என்பது சுருண்டு படுத்த நாகம். மந்திரித்த தைலத்தை ஊற்றித் தேய்த்தால், தோஷம் இல்லாதவருக்கு முடி வழுவழுவென்று வந்துவிடும். தோஷம் உள்ளவர் தலையில் சடையம்மன் இறங்கிவிடுவாள். இதில் ஒரு விசேஷம் உண்டு. நேர்முடிக்காரர்களை அம்மன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவளுடைய கோபம், பிரியம் எல்லாம் சுருட்டைக்காரர்கள் மேல்தான். ஏன் என்று கேட்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. டோக்கன் எடுக்கவே நேரம் போய்விடுகிறது.

செண்பகவல்லிக்குச் சுருட்டையோ சுருட்டை. நனைந்தால் இடுப்பு வரை, காய்ந்தால் தோள் வரை. அந்த முடியைத்தான் சாமி இப்போது தூக்கிக் காட்டினார். முடி என்று அதைச் சொல்ல முடியாது. தேங்காய் நாரை மிதித்து உருட்டியதுபோல ஒரு கட்டி. சீப்பு நுழையாது, விரல் நுழையாது.

"சடை விழுந்திருச்சு" என்று மைக்கில் அறிவித்தார் சாமி. கூட்டம் குலவையிட்டது. "இது இனிமே உன் முடி இல்ல தாயே. அம்மன் குடியிருக்கிற வீடு. கத்தரி பட்டா, உன்னைக் கட்டுறவன் மூணு மாசம் தாங்க மாட்டான்."

கூப்பிய கையோடு சரோஜம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு ஆவணியில் நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் தோஷம் பார்த்துவிடலாம் என்றுதான் அவள் மகளை இங்கே கூட்டி வந்தாள். மாப்பிள்ளை மார்த்தாண்டத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் ரதீஷ். கரமனையில் சாப்பாட்டுக் கடை நடத்தி, ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள் சரோஜம். கல்யாணமான புதிதிலேயே தாலியை இழந்தவளிடம் போய் இப்படி ஒரு வார்த்தை சொன்னால், அவள் யோசிப்பாளா, நடுங்குவாளா?

நடுங்குகிறவர்களுக்குச் சாமி வழி வைத்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கல்யாண நகை முழுவதையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டால், அம்மன் மனமிரங்கி மாப்பிள்ளையை விட்டுவிடுவாள். முடியாது என்றால் பெண்ணைக் கொண்டுவந்து மேடையில் விட்டுவிடலாம். மேடையில் ஏற்கெனவே நாலு பெண்கள் தலையில் மஞ்சள் துணி சுற்றி, சடைத்தாய்கள் என்ற பெயரில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி செண்பகவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்று கூப்பிடுகிற பார்வையாக அது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செண்பகவல்லி கேட்டாள்: "அம்மா, அந்தத் தைலம் என்னதுன்னு தெரிஞ்சுதா ஒனக்கு?"

"மூலிகை."

"வெளக்கெண்ணெ. காலேஜ் படிக்கும்போதே ஞாயித்துக்கெழம தோறும் தேய்க்கேன், எனக்கு மணம் தெரியாதா? தேங்காயெண்ணெயில நாலு சொட்டு விட்டு, விரல் நுனியால தலையோட்டுல தடவி, பெரிய பல்லு சீப்பால நுனியில இருந்து சிக்கெடுப்பேன். முடி பூ மாதிரி இருக்கும். இத்தன வருசமா அம்மன் ஏன் வரல்ல?"

"வீட்டுல தேய்ச்சா அது எண்ணெ. சாமி தேய்ச்சா தைலம்" என்றாள் சரோஜம். "வாயடிக்காதட்டி. நான் பட்டது போதும். நீயும் படணுமா?"

பயத்தோடு தர்க்கம் பேசி ஜெயித்தவர் உலகத்தில் யார்?

மறுநாள் பழவங்காடியில், பிள்ளையார் கோவிலுக்கு எதிரே ஒரு ஜூஸ் கடை. துணிக்கடை வேலைக்கு நடுவே அரை மணி நேரம் அனுமதி வாங்கி வந்திருந்தாள் செண்பகவல்லி. தலையில் முக்காடு. எதிரே ரதீஷ். அவனுக்கும் சுருட்டைதான். பிடரி வரை புரளும், கச்சேரிக்காரன் மாதிரி. பெண் பார்க்க வந்த அன்று சரோஜம் மாப்பிள்ளையின் கடையைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்த முடியைப் பார்த்து, "பேரப்பிள்ளையளுக்கு முடிக்குக் கவலையில்ல" என்று சம்மதம் சொன்னவள்.

"நீங்க வேற பொண்ணு பாத்துக்கிடுங்க" என்றாள் செண்பகவல்லி.

"இந்த வெயில்ல எங்க போயி பாக்க? சர்பத்தக் குடி."

"வெளையாடாதிய. உங்க உயிருக்கு ஆபத்துன்னு சாமி சொல்லிட்டாரு. அம்மா நகையக் கட்டி வச்சிட்டா."

அவன் முக்காட்டை மெல்ல விலக்கிப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "எண்ணெ எப்படி, கெட்டியா?"

"தேனு மாதிரி."

"வெந்நீரா ஊத்துனாரு?"

"தோலு உரியுற சூடு."

"ஊத்திக்கிட்டே வட்டமா தேய்ச்சாரா?"

"ஆமா. நேர்ல பாத்த மாதிரி கேக்குதிய. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரதீஷ் ஸ்ட்ராவைக் கடித்தான். "தெரியும். இது அம்மனும் இல்ல, தோசமும் இல்ல. அவரு தேய்ச்ச தேய்ப்பு."

"அதான், எப்படித் தெரியும்?"

"பின்ன சொல்லுதேன்."

"அம்மாகிட்ட சொல்லுங்க."

"சொன்னா நம்புவாவளா?"

"உயிருக்குப் பயந்து பேசுதாருன்னு சொல்லுவா."

"அப்ப சொல்லாண்டாம். காட்டுவோம்." அவன் கோவில் பக்கம் திரும்பினான். ஒரு பக்தர் எறிந்த தேங்காய் சிதறியது. "செண்பகம், ஒண்ணு சொல்லட்டா? வெள்ளிக்கெழமைக்குப் பொறவு நீயே என்னை வேண்டாம்னு சொன்னா, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன், கேட்டியா."

"நான் எதுக்குச் சொல்ல?"

மாப்பிள்ளை சர்பத்துக்குக் காசு கொடுக்கப் போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. சரோஜத்தின் மடியில் நகைப்பொட்டலம். சாமி அதைப் பார்த்துப் புன்னகைத்தார். பொட்டலத்தின் பருமனுக்கு ஏற்ற புன்னகை. அவள் அதை எடுப்பதற்குள் ரதீஷ் முன்னால் போய் நின்றான்.

"சாமி, நான்தான் இந்தப் பொண்ணக் கட்டப்போறவன். எனக்க முடியும் சுருட்டை. எனக்கும் தோசம் இருக்கான்னு பாத்துருங்க."

ஒரு பொட்டலம் வந்த இடத்தில் இரண்டு வந்தால் கசக்குமா? "உக்காரு மகனே" என்றார் சாமி.

"அதுக்கு முன்ன ஒரு சந்தேகம் சாமி. அம்மன் எந்த முடியில வேணும்னாலும் வருவாளா? பார்பர் ஷாப்புல வெட்டிப் போட்ட முடியில?"

கூட்டம் சிரித்தது. சாமியும் பெருந்தன்மையோடு சிரித்தார். "வெட்டுன முடி பிணம். உயிருள்ள தலையில, வேரு விட்டு நிக்கிற முடியிலதான் என் தாயி இறங்குவா. முடி வழியா மண்டைக்குள்ள போயி ரத்தத்துல ஓடுவா."

"பின்னால உள்ளவியளுக்குக் கேக்கல்ல சாமி. மைக்குல ஒருக்கா கூட சொல்லுங்க."

சாமி மைக்கில் இன்னொரு தடவை சொன்னார், நிறுத்தி, நிதானமாக.

ரதீஷ் அண்டாவின் மேல் குனிந்து, நெற்றியை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டான். சிஷ்யை ஷைலஜா வெந்நீர்ச் செம்போடு வந்தாள். "சேட்டா, கண்ணு அடச்சோ" என்றாள். சாமியும் கண்ணை மூடிக்கொண்டார். அருள் வருவதற்கு அது அவசியம். தைலம் கொட்டியது. வெந்நீர் கொட்டியது. கை அரைக்கத் தொடங்கியது.

"ஆகா" என்றார் சாமி, விரலால் உச்சியைத் தடவி. "ரெட்டைச் சுழி. என் விரலுக்குத் தெரியுது. இவனுக்கு ரெண்டு தாரம்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. சரோஜம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். செண்பகவல்லி மாப்பிள்ளையின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் முன்னாலேயே அந்தச் சுருள்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் உச்சியில் ஒரு நார் உருண்டை.

"இறங்கிட்டா" என்று முழங்கினார் சாமி. "ஆம்பிளை தலையில இறங்குறது அபூர்வம். இப்ப இவன் ரத்தத்துல ஓடுறா என் தாயி. இந்தச் சடையில ஒரு இழை அறுந்தாலும் இந்த இடத்துலயே ரத்தம் கக்குவான்."

ரதீஷ் நிமிர்ந்தான். முகமெல்லாம் எண்ணெய்.

"ஒரு இழைக்கே அப்படியா சாமி? முழுசும் போனா?"

கேட்டுவிட்டு அவன் செண்பகவல்லியை ஒரு தடவை பார்த்தான். இரண்டு கையையும் நெற்றி ஓரத்தில் வைத்தான். தைலத்தில் ஊறிப் பசை இளகியிருந்தது. சத்தமே இல்லாமல், குல்லாவைக் கழற்றுவதுபோல, முடி மொத்தமும் கையோடு வந்துவிட்டது.

மண்டபத்து டியூப்லைட் எல்லாம் அவன் தலையில் தெரிந்தது. நெற்றியிலிருந்து உச்சி தாண்டி மொழுமொழுவென்று ஒரே வழுக்கை.

சாமியின் கை, முடி இருந்த உயரத்தில், அந்தரத்தில் நின்றது.

"ரத்தம் வரல்லியே சாமி" என்றான் ரதீஷ். மழையில் நனைந்த பூனைக்குட்டி மாதிரி அந்த விக்கை மைக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்தான். "இது நாகர்கோவில்ல வாங்குனது. எந்த நாட்டுக்காரி வெட்டிப் போட்ட முடின்னு வித்தவனுக்கே தெரியாது. பிணம்னு நீங்கதான் சொன்னிய. பின்ன அம்மன் எப்படி இறங்குனா? அந்த ரெட்டைச் சுழி எங்கன இருக்கு, தொட்டுக் காட்டுங்க."

பின்வரிசையில் ஒருவன் பொத்துக்கொண்டு சிரித்தான். அது ஒட்டிக்கொண்டது. ஷைலஜா யாரிடமும் சொல்லாமல் ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு, தன் கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். தொழில் தெரிந்தவள். மேடையில் அன்று செண்பகவல்லியைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் எழுந்தாள். தலையில் சுற்றியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து, சாமியின் மடியில் எறிந்தாள். "எனக்க தங்க மாலையத் திருப்பித் தாரும்" என்றாள். சாமி பின்வாசலைப் பார்த்தார். அங்கே ஏற்கெனவே டோக்கன் இல்லாத ஒரு வரிசை நின்றது.

சரோஜத்துக்கு மட்டும் இன்னும் வாய் மூடவில்லை. "மாப்பிள... அப்ப முடி?"

"இல்ல அத்தே. இருவத்தஞ்சு வயசுலயே போயாச்சு. சொல்லப் பயம்."

செண்பகவல்லி அவன் கையிலிருந்த உருண்டையை வாங்கிப் பார்த்தாள். தன் தலையைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"அப்ப அம்மா, நாளைக்கு எனக்க சடைய நீயே வெட்டிவிடு" என்றாள். பிறகு அவனிடம் திரும்பினாள். "முடிக்காக உங்கள வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா எப்படித் தெரியும்னு பழவங்காடியில கேட்டேன். இன்னும் சொல்லல்ல."

"இத வித்த கடைக்காரன் அன்னைக்கே சொன்னான்" என்றான் ரதீஷ், தலையைத் துடைத்தபடி. "'சார், சுருட்டை முடி. கெட்டி எண்ணெய அப்பாதீங்க, வெந்நீர் ஊத்தாதீங்க, வட்டமா தேய்க்காதீங்க. தேய்ச்சா சடையா இறுகிப் போவும், பொறவு வெட்டித்தான் எடுக்கணும்'னு. சாமி அந்த மூணையும் மைக்கு வச்சுச் செய்யுதாரு."

சிரித்த கூட்டம் இப்போது சிரிக்கவில்லை. ஒரு விக் கடைக்காரன் வாடிக்கையாளரிடம் சொல்லி அனுப்புகிற விஷயத்தைக் கேட்டுக்கொள்ளாமல், இத்தனை வெள்ளிக்கிழமையாக அது குலவை போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

விளக்கெண்ணெய் மேல் ஒரு குற்றமும் இல்லை ஐயா. தாராளமாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், தலையை வேண்டுமானால் இன்னொருவர் கையிலும் கொடுங்கள். திரும்பி வரும்போது உள்ளே இருப்பதை அவரிடமே விட்டுவிட்டு வராதீர்கள்.