டைகரின் உண்ணியும் என் கல்யாணமும்

வருங்கால மாமனாரிடம் நல்ல பெயர் வாங்கத் துடிக்கும் இளைஞனைப் போலப் பரிதாபமான பிராணி உலகத்தில் கிடையாது. அவர் தும்மினால்கூட "பிரமாதம் மாமா" என்பான். அறுபதுகளின் தொடக்கத்தில் அன்னவாசலில் வாத்தியாராக இருந்த நான் அப்படிப்பட்ட பிராணிதான்.

திருவரங்குளத்துப் பஞ்சவர்ணத்தை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். ஆனிக் கடைசியில் முகூர்த்தம். பத்திரிகை விஷயமாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் மாமனாரின் வேட்டை நாய் டைகர், உடம்பெல்லாம் உண்ணியோடு சொறிந்துகொண்டு கிடந்தது. "பாவம் மாமா, வாயில்லாத ஜீவன்" என்று உருகி (எனக்கு நாய் என்றாலே நடுக்கம்), அதை மடியில் கிடத்தி, உண்ணிகளைப் பிடுங்கிப் பிடுங்கி நகத்தால் நசுக்கினேன். கதவிடுக்கில் பஞ்சவர்ணம் பார்ப்பது தெரிந்ததும் இன்னும் வேகமாக நசுக்கினேன்.

"மாப்பிள்ளைக்குத் தங்கமான மனசு" என்றார் மாமனார். அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம். பாராட்டில் குளிர்ந்து, மிச்ச உண்ணிகளையும் ஒன்றுவிடாமல் நசுக்கிவிட்டே எழுந்தேன்.

சில நாளில் காய்ச்சல் அனலாய் அடித்தது. தலைவலியில் மண்டை பிளந்தது. பிறகு மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பி, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவின. என் ஆத்தா பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மாரியம்மன் எறங்கியிருக்காடா!"

வாசலில் வேப்பிலை ஏறியது. மருந்து கூடாது, தாளிப்பு கூடாது, சவரம் கூடாது. அம்மன் இருக்கும் வீட்டில் கல்யாணம் கூடவே கூடாது. ஆனி போனால் ஆடி. ஆவணிக்குத் தள்ளிப்போனால், பஞ்சவர்ணத்தின் மேல் உரிமையுள்ள அத்தை மகன் ஒருவன் காத்திருந்தான். லாரி ஓட்டுகிறவன், மீசை வேறு. காய்ச்சலைவிட அந்த மீசைதான் என்னை வாட்டியது. அவள் எனக்குக் கிடைக்காமல் போய்விடுவாளோ என்று உண்மையாகவே அழுதேன்.

சேதி கேட்ட மாமனார் வாடகைக் காரில் வந்து இறங்கினார். கூடவே பஞ்சவர்ணத்தின் சித்தி. புதுக்கோட்டையில் டாக்டர்.

"கையை நீட்டுங்க தம்பி" என்று உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார் சித்தி. "அம்மைன்னா முத்துல தண்ணி கோத்து நிக்கணுமே, ஒண்ணுலகூட இல்லையே. நாய், மாடு பக்கம் போனீங்களா?"

"நம்ம டைகருக்கு இவருதான் உண்ணி எடுத்தாரு!" என்று மாமனார் பெருமையோடு முந்திக்கொண்டார்.

"அப்படின்னா உண்ணி கடிச்ச எடத்துல கறுப்பா ஒரு பொருக்கு இருக்கணும். வலிக்காது. எங்கேயாச்சும் இருக்கா?"

இருந்தது. அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, பின்பக்கம், மனிதர்கள் உட்காரப் பயன்படுத்தும் பகுதியில், விரலில் தட்டுப்பட்டிருந்தது.

"இல்லீங்க" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதைப் பார்த்துட்டா சந்தேகமே இல்லை, மாத்திரையிலேயே சரியாயிரும்."

"கண்ணால காணாம மாத்திரை குடுக்க விடமாட்டேன்" என்று ஆத்தா குறுக்கே நின்றாள். "அம்மன் குத்தமாயிரும். கல்யாணத்தத் தள்ளி வச்சிருவோம் சம்மந்தி."

லாரிக்காரனின் மீசை கண்முன்னே ஆடியது. "இருக்குங்க" என்று முனகினேன்.

"எங்க?"

நான் கூரையைப் பார்த்தேன். மாமனாருக்குப் புரிந்துவிட்டது. தெருவுக்கே கேட்கும்படி, "மாப்பிள்ளை, கூச்சப்படாம வேட்டிய எறக்குங்க!" என்றார்.

குப்புறப் படுத்தேன். நடுவில் பீடியால் சுட்டது போலக் கறுப்பு, சுற்றிலும் சிவப்பாம் (நான் எங்கே பார்த்தேன்?). "இதேதான்! உண்ணிக் காய்ச்சல்!" என்று குதூகலித்த சித்தி, ஆத்தாவையும் மாமனாரையும் கூப்பிட்டு விளக்கமாகக் காட்டினார். தண்ணீர் கேட்டு உள்ளே வந்த கார் டிரைவரும் எட்டிப் பார்த்து "அடடா" என்றார்.

"உண்ணிய நகத்துல நசுக்கலாமா? வாத்தியார் வேற!" என்று கடிந்துகொண்டே சித்தி கேப்ஸ்யூல் கொடுத்தார். ஆத்தா அவற்றை வேப்பிலையின் மேல் வைத்து அம்மனுக்குக் காட்டிவிட்டே எனக்குத் தந்தாள். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கியது.

குறித்த முகூர்த்தத்தில் தாலி கட்டினேன். மணவறையில் குனிந்த தலை நிமிராமல் பஞ்சவர்ணம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "ஒக்காந்தா வலிக்குதாங்க?"

மாமனார் கடைசிவரை என்னை யாருக்கு அறிமுகம் செய்தாலும், "எல்லாரும் ஜாதகத்தைப் பார்த்துத்தான் பொண்ணு குடுப்பாங்க. நாங்க அதைவிட நல்லாப் பார்த்துட்டுக் குடுத்தோம்" என்பார். இப்போது பேரன் பேத்திகளுக்கு இந்தக் கதையைச் சொல்வது பஞ்சவர்ணம்தான். எப்போதும் ஒரே மனக்குறையோடுதான் முடிப்பாள்.

"கார் டிரைவர்கூடப் பார்த்துட்டாரு. கட்டிக்கப் போற எனக்குத்தான் யாரும் சொல்லி அனுப்பலை."