நாலு ஸ்டேஷன் தள்ளி

ரயில் வந்து நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். அதிகாரிக்கு ரத்தம் கொதித்தது.

பதினோரு வருடமாக இதுதான் கடைசி ஸ்டேஷன். காலி வண்டி வரும். மூலை இருக்கையில் உட்கார்ந்தாரென்றால் ஆபீஸ் வரும்வரை எழுந்திருக்க மாட்டார். முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு அந்த இருக்கை அவருக்குச் சொத்து மாதிரி. "தினமும் முக்கால் மணி நேரம் நின்னுக்கிட்டுப் போனீங்கன்னா மறுபடியும் கத்திதான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். இந்தத் திங்கட்கிழமை பார்த்து ரயில் பாதையைப் புறநகருக்குள் இன்னும் நாலு ஸ்டேஷன் நீட்டித் திறந்துவிட்டார்கள்.

நின்றபடியே போய், நின்றபடியே திரும்பி வந்தவர் வாசலில் செருப்பை உதறினார். ஒன்று அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது.

"எந்த மடையன் இதை நீட்டினான்? அங்க இருக்கறவங்க பஸ்ல போக மாட்டாங்களாமா?"

"இங்க வரைக்கும் நீட்டினப்ப தெருவுக்கே இனிப்பு கொடுத்தீங்க" என்றாள் மனைவி.

"அது வேற. அது அவசியம்."

"அப்ப நாலு ஸ்டேஷன் பின்னாடி போய், அங்கயே ஏறி உட்கார்ந்துட்டு வாங்க. வண்டி இந்தப் பக்கமாத்தானே திரும்பி வரணும்."

மறுநாள் அரைமணி முன்னதாகக் கிளம்பி, எதிர்த் திசை வண்டியில் ஏறினார். பாதித் தெரு அதில் உட்கார்ந்திருந்தது. மருந்துக்கடைக்காரர், டியூஷன் டீச்சர், பக்கத்து வீட்டு ஜிம் மாஸ்டர். யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கடைசி ஸ்டேஷனில் காவலாளி கதவருகே வந்தார். "எல்லாரும் இறங்குங்க. வண்டியைச் சுத்தம் பண்ணணும்."

"நான் இதே வண்டியிலதான் திரும்பிப் போகணும்."

"போங்க, யாரு வேணாம்னா? இறங்கி வரிசையில நின்னு ஏறுங்க."

வரிசை படிக்கட்டு வரை நீண்டிருந்தது. அவருக்கு முன்னால் நின்ற நர்ஸ் திரும்பி மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க இந்த ஏரியா இல்லையே. எங்க சீட்டைப் புடிக்கவா வந்தீங்க? இத்தனை வருஷம் ரெண்டு பஸ் மாறி, தொங்கிக்கிட்டுப் போனவங்க நாங்க."

அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. உட்கார வந்தவர், நாலு ஸ்டேஷன் கூடுதலாக நின்றுகொண்டு போனார்.

மூன்றாம் நாள் கைத்தடி ஒன்று வாங்கினார். தடியைப் பார்த்தால் எவனாவது எழுந்திருப்பான். ஏறிப் பார்த்தால், முதியோர் இருக்கையில் ஜிம் மாஸ்டர். கையில் தடி.

"மூட்டு வலி சார்."

"நேத்து நூறு கிலோ தூக்கினேன்னு சொன்னீங்க?"

"அதனாலதான் சார்."

அடுத்த ஸ்டேஷனில் ஒரு கும்பல் நெட்டித் தள்ள, அதிகாரியின் தடி போய்க் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது. கதவு திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. வண்டி பதினைந்து நிமிடம் நகரவில்லை. தடி இரண்டாக ஒடிந்தபிறகுதான் கதவு சாத்திக்கொண்டது. பெட்டியே அவரைத் திட்டித் தீர்த்தது.

"என்னை ஏன்யா திட்டறீங்க?" என்று பாதித் தடியைத் தூக்கிக்கொண்டு கத்தினார் அதிகாரி. "இந்த வண்டியை நீட்டினானே, அவனைத் திட்டுங்க. கூட நாலு பெட்டி சேர்க்கணும்னு கூடத் தோணாத ஜென்மம். அவன் முழங்கால் ரெண்டும் தேய்ஞ்சு தரையோட தரையாப் போகணும்."

பெட்டி சட்டென்று அவர் கட்சிக்கு வந்துவிட்டது. தெரிந்த வசவையெல்லாம் ஆளுக்கொன்றாக எடுத்துவிட்டார்கள். மூன்று நாளில் முதல்முறையாக அவருக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

ஆபீஸுக்குள் நுழையும்போது முழங்கால் பந்தாக வீங்கியிருந்தது. நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். அட்டெண்டர் தண்ணீரை வைத்தார், பக்கத்தில் தடியான ஃபைல் ஒன்றையும் வைத்துப் பிரித்தார்.

"ரயிலை இன்னும் ஆறு ஸ்டேஷன் நீட்டறாங்களாம் சார். போன தடவை மாதிரியே படிக்காம கையெழுத்துப் போட்டுடறீங்களா?"